ரிட்டர்ன் கிஃப்ட் பையில் என்ன போடலாம்? – வாசகர் கேள்வி பதில்

குழந்தையின் பிறந்தநாளுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தனுப்புவது என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அழைப்பு, அலங்காரம், விளையாட்டு எல்லாவற்றையும் எப்படியோ முடித்துவிடுகிறோம், கடைசியில் இந்தப் பையில்தான் வந்து மாட்டிக்கொள்கிறோம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்குத்தான். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

அக்கா, என் மகளுக்கு மூன்று வயது முடிகிறது. வரப்போகிற பிள்ளைகளில் ஒன்றரை வயதும் உண்டு, ஏழு வயதும் உண்டு. பத்துப் பொருள் போட்டு ரெடியாகக் கட்டிய பைகள் கிடைக்கின்றன. ஊதல், குட்டிப் பந்து, மோதிரம், பழ வடிவ அழிப்பான், பலூன், ஸ்டிக்கர் என்று எல்லாம் இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது, எனக்கும் வேலை மிச்சம். எல்லோருக்கும் அதையே வாங்கிவிடலாமா?
– மூன்று வயதுக் குழந்தையின் அம்மா

வேண்டாம். குறைந்தபட்சம் ஒரே ஒரு பையை வாங்கிப் பிரித்து, உள்ளே இருப்பதை எல்லாம் மேசைமேல் கொட்டிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். பளபளக்கும் தாளில் சுற்றி ரிப்பன் கட்டியிருக்கும்போது தெரிகிற அழகு வேறு, கொட்டிப் பார்க்கும்போது தெரிவது வேறு. மோதிரத்தின் கல்லை நகத்தால் நெம்பிப் பாருங்கள், பெரும்பாலும் கையோடு வந்துவிடும். ஊதலை உலுக்கினால் உள்ளே ஒரு சின்ன உருண்டை ஆடும்; அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு சொட்டுப் பசையாகக்கூட இருக்கலாம். பழ அழிப்பானின் பச்சை இலை தனியாகப் பிடுங்க வரும். ஒன்றரை வயதுக் குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்ளும், அது அந்த வயதின் இயல்பு, அதட்டி நிறுத்த முடியாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. டாய்லெட் பேப்பர் சுருள் தீர்ந்ததும் நடுவில் மிஞ்சுமே அட்டைக் குழாய், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாய் ஏறக்குறைய 4 செ.மீ. இருக்கும். பையில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் அதற்குள் போட்டுப் பாருங்கள். உள்ளே நழுவிப் போகிற எதையும் மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள். பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்களிலும் கிட்டத்தட்ட இதே வேலைக்கு ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதன் விட்டம் 31.7 மி.மீ., அடிப்பக்கம் சாய்வாக இருப்பதால் ஆழம் ஒரு பக்கம் 25.4 மி.மீ., மறுபக்கம் 57.1 மி.மீ. அது குழந்தையின் தொண்டையை மனதில் வைத்துச் செய்த அளவு. நம் அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் நாம் கூடுதல் எச்சரிக்கையாகவே இருக்கிறோம், நல்லதுதான். மெத்தென்ற பொருளாக இருந்தால் கையால் அழுத்திச் சுருக்கியும் போட்டுப் பாருங்கள், வாய்க்குள் போனால் அதுவும் அப்படித்தான் சுருங்கும்.

பந்துக்கு இந்தக் குழாயும் போதாது. உருண்டையாக இருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மூச்சுவழியை முழுசாக அடைத்துவிடும், காற்று போக ஓரத்தில் இடுக்குகூட இருக்காது. அதனால்தான் அமெரிக்க விதியில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பந்துகளுக்கு மட்டும் தனியாக 44.4 மி.மீ. என்று பெரிய அளவு வைத்திருக்கிறார்கள், அந்தத் துளை வழியே புகுந்து போகிற பந்து ஆகாது. துள்ளித் துள்ளிக் குதிக்கும் அந்தக் குட்டி ரப்பர் பந்துகள் பெரும்பாலும் இந்த அளவுக்கு வருவதே இல்லை.

பலூனைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். சுவரில் ஊதிக் கட்டுவது வேறு, ஊதாத ரப்பர் பலூனைப் பையில் போட்டுக் கொடுப்பது வேறு. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் தொண்டைக்குள் போனால் அந்த இடத்தின் வடிவத்துக்கே ஒட்டிப் படிந்து மூடிக்கொள்ளும், வெளியே எடுப்பது மிகவும் கஷ்டம். அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டப்படி பலூன் பாக்கெட்டில் எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து என்று அச்சிட்டே ஆக வேண்டும். மூன்று வயதல்ல, எட்டு. உங்கள் விருந்துக்கு வரும் ஏழு வயதுப் பிள்ளையும் அதில் அடக்கம். அலங்காரத்துக்குக் கட்டிய பலூன் வெடித்தால்கூடத் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்.

பழ அழிப்பானுக்கும் இதே கதைதான். தின்பண்டம் மாதிரியே வடிவமும் வாசனையும் வைத்துச் செய்தால் குழந்தை கடிக்காமல் என்ன செய்யும்? உணவு என்று குழந்தை ஏமாந்துபோகும்படி இருக்கும் ஆபத்தான பொருட்களுக்கு ஐரோப்பாவில் 1987-லேயே தடை விதித்துவிட்டார்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். வட்டத்துக்குள் குழந்தை முகமும் 0-3 என்ற எண்ணும் போட்டுச் சிவப்புக் கோடு அடித்த படம் பல பொம்மைப் பெட்டிகளில் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "என் பிள்ளை கெட்டிக்காரன், இரண்டு வயதிலேயே இதை விளையாடிவிடுவான்" என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் படம் புத்திசாலித்தனத்தைப் பற்றிப் பேசவில்லை. உள்ளே ஆபத்து இருக்கிறது, இந்த வயதுக்குக் கொடுக்காதே என்று சொல்கிறது. எவ்வளவு கெட்டிக்காரக் குழந்தையாக இருந்தாலும் தொண்டை அந்த வயதுக்கான தொண்டைதான்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது: மூன்று வயதுக்குக் கீழே ஒரு வகை, மேலே ஒரு வகை என்று இரண்டு விதமாக வாங்குங்கள், பைக்கு வேறு வேறு நிறம் வையுங்கள், பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பெரிய பிள்ளைகளுக்கானதை வாங்கும்போதும் அவர்கள் வீட்டில் தவழ்கிற தம்பியோ தங்கையோ இருக்கிறதா என்று யோசியுங்கள். பை அந்த வீட்டுக்குப் போனதும் அதைத் திறக்கப்போவது ஏழு வயது மட்டும் இல்லை.

பை நிறைந்திருக்க வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். ஒரே ஒரு பொருள் கொடுத்தால் கஞ்சத்தனமாகத் தெரியும் என்கிறார். எனக்கு ஒன்றே ஒன்று, உருப்படியாகக் கொடுக்க ஆசை. யார் சொல்வது சரி? அப்படி ஒன்றே என்றால் என்ன கொடுக்கலாம்?
– ஒரு வாசகி

நான் உங்கள் கட்சி. ஆனால் உங்கள் அத்தையின் கவலையையும் தள்ளிவிடாதீர்கள், வந்தவர்களை நிறைவாக அனுப்ப வேண்டும் என்றுதான் அவர் நினைக்கிறார், அந்த எண்ணம் நல்ல எண்ணம்தானே. பத்து உடைசல் பொருளால் அந்த நிறைவு வராது என்பதை மட்டும் அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அந்தப் பத்தில் ஏழு வீட்டுக்குப் போகும் வழியிலேயே உடையும் அல்லது வண்டியின் சீட்டுக்கு அடியில் போகும், மிச்சம் மூன்றை மறுநாள் அந்த அம்மா குப்பையில் போடுவார்.

அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமாக இருக்கும். இரண்டு வயதை ஒட்டிய 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தார்கள். 4 பொம்மை இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் இருந்தார்கள், அதே பொம்மையை விதவிதமாகப் பயன்படுத்தினார்கள். 16 இருந்தபோது ஒன்றை எடுப்பதும் போடுவதுமாகவே நேரம் போனது. குழந்தை வளர்த்த யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

சரி, என்ன கொடுப்பது? பத்துப் பொருளுக்கு ஒதுக்கிய பணத்தை ஒன்றில் போடுங்கள், அப்போதே தரம் கூடிவிடும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் கெட்டி அட்டையில் செய்த படப் புத்தகம்தான் என் முதல் தேர்வு. கடித்தாலும் எச்சில் பட்டாலும் தாங்கும், பக்கம் கிழியாது, முனைகள் வட்டமாக வெட்டியிருக்கும். படம் ஒரு பக்கத்துக்கு ஒன்று இருந்தால் போதும். துணிப் பொம்மை என்றால் கண்ணையும் மூக்கையும் பாருங்கள், பித்தானோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள், நூலால் தைத்த கண்ணாக இருக்கட்டும். தையலை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், உள்ளே இருக்கும் பஞ்சு தெரியக்கூடாது.

மூன்று, நான்கு வயது என்றால் தடிமனான கிரேயான்களும் ஒரு பெரிய வெள்ளைத்தாள் நோட்டும். முக்கோண வடிவில் வருகிற கிரேயான்கள் மேசையிலிருந்து உருண்டு ஓடாது, சின்ன விரல்களுக்குப் பிடிக்கவும் தோது. மெல்லிய கிரேயான் அழுத்தி வரைந்தால் படக்கென்று முறியும், முறிந்த துண்டு மறுபடியும் வாயில் போகிற அளவு. மேலே சொன்னேனே உருளைச் சோதனை, அமெரிக்க விதியில் கிரேயானுக்கும் சுண்ணக்கட்டிக்கும் அதிலிருந்து விலக்கு இருக்கிறது, எழுதும் பொருளை வேறு எப்படியும் செய்ய முடியாது என்பதால். ஆகவே பெட்டியில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறது என்று நம்பி ஒரு வயதுக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடக்கூடாது.

தரையில் வரையும் பெரிய சுண்ணக்கட்டி, சோப்புக் குமிழி ஊதும் குப்பி, பெரிய துண்டுகள் கொண்ட மரப் புதிர், மண்ணில் விளையாடும் வாளி, பெயர் எழுதிய தண்ணீர் குவளை, கையை விட்டு ஆட்டும் துணிப் பொம்மை – இவை எல்லாம் நல்லவை. குமிழிக் குப்பியை வீட்டுக்குள் கொட்டினால் தரை வழுக்கும், அதை மட்டும் பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஐந்து வயதுக்கு மேல் என்றால் கதைப் புத்தகம், பூதக்கண்ணாடி, ஸ்கிப்பிங் கயிறு என்று இன்னும் கொஞ்சம் தாராளமாகப் போகலாம். பூதக்கண்ணாடி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் வெயிலில் வைத்துக் காகிதத்தைக் கொளுத்த முடியும் என்பதையும் பிள்ளைகள் சீக்கிரமே கண்டுபிடிப்பார்கள், பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி லென்ஸ் உடையும், பிளாஸ்டிக் லென்ஸே போதும், ஆனால் அதிலும் கொளுத்த முடியும்.

பை காலியாகத் தெரிகிறது என்று அத்தை வருத்தப்பட்டால் பையே வேண்டாம் என்று விடுங்கள். புத்தகத்தையோ நோட்டையோ ஒரு ரிப்பனால் கட்டி, உங்கள் குழந்தையின் கைநாட்டோ கிறுக்கலோ போட்ட ஒரு சீட்டை மேலே செருகிக் கொடுங்கள். அப்போது காலியான இடமே இருக்காது.

ஆண் பிள்ளைகளுக்குக் கார், பெண் பிள்ளைகளுக்குப் பொம்மை என்று பிரித்து வாங்கலாமா?
– இரட்டைக் குழந்தைகளின் தாய்

பிரிக்காதீர்கள். கார் பிடித்த பெண் குழந்தையும் பொம்மைக்குச் சோறூட்டுகிற ஆண் குழந்தையும் எல்லா விருந்திலும் உண்டு, அவர்கள் அடுத்தவர் கையைப் பார்த்து ஏங்குவார்கள். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் நிறம்கூட ஒன்றாக இருக்கட்டும் என்பேன். "எனக்கு ஏன் மஞ்சள், அவனுக்கு ஏன் சிவப்பு" என்ற அழுகையை வாசலில் சமாளிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. சமமாகப் பங்கிடுவதைப் பற்றி ஸ்விட்சர்லாந்துக் குழந்தைகளிடம் செய்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்று, மூன்று நான்கு வயதில் பெரும்பாலும் தனக்கே என்று இருந்த பிள்ளைகள் ஏழு எட்டு வயதில்தான் சமமான பங்கைப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார்கள் என்று காட்டியது. அதாவது சின்னப் பிள்ளையிடம் பெருந்தன்மையை எதிர்பார்த்து நாம் பொருள் வாங்கக்கூடாது.

மகனுக்கு நான்கு வயது. விளக்கு எரிகிற மோதிரம், பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, காந்தத் துண்டுகள் ஒட்டி விளையாடும் செட் இவற்றில் ஒன்றைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு வெளிச்சம் என்றால் உயிர். என் மனைவி பேட்டரி வேண்டவே வேண்டாம் என்கிறாள். அவ்வளவு பயப்பட வேண்டுமா?
– ஒரு அப்பா

உங்கள் மனைவி சொல்வதைக் கேளுங்கள். இந்தப் பகுதியில் எதைத் தாண்டிப் போனாலும் இதைத் தாண்டிப் போக வேண்டாம் என்று எல்லாப் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

விளக்கு மோதிரத்துக்குள்ளும் பாட்டு அட்டைக்குள்ளும் இருப்பது பித்தான் மாதிரி இருக்கும் தட்டையான பேட்டரி. குழந்தை அதை விழுங்கினால் சில சமயம் உணவுக்குழாயில் மாட்டிக்கொள்ளும். ஈரமான சதை இரண்டு பக்கமும் படுவதால் அங்கே மின்சாரம் ஓடத் தொடங்கும், அந்த இடத்தில் காரம் என்ற ரசாயனம் (மிளகாய்க் காரம் இல்லை) உண்டாகி சதையை அரிக்கும். பேட்டரி உடைந்து உள்ளே இருப்பது கசிய வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண் ஆகிவிடக்கூடும். சிஆர் 2032 என்று எழுதியிருக்குமே, அதில் 20 என்பது 20 மி.மீ. விட்டம், 32 என்பது 3.2 மி.மீ. கனம். 20 மி.மீ. விட்டமுள்ள இந்த லித்தியம் வகைதான் சின்னக் குழந்தைகளுக்கு மிக ஆபத்தானது. பெரிதாக இருப்பதால் தொண்டைக்குக் கீழே மாட்டும், 3 வோல்ட் இருப்பதால் வேகமாக அரிக்கும். விளக்கு எரியவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறோமே, அந்தத் தீர்ந்த பேட்டரியிலும் புண் ஆக்கும் அளவு மின்சாரம் மிஞ்சியிருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால் விழுங்கியதை யாரும் பார்க்காவிட்டால் அடையாளம் சாதாரணமாகத்தான் இருக்கும். எச்சில் வடியும், சாப்பிட மறுக்கும், இருமும், சளி என்று நினைத்துவிடுவோம். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு, போகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேன் கொடுக்கலாம் என்று நஞ்சு முறிவு ஆலோசனை வழிகாட்டிகளில் சொல்கிறார்கள், அரிப்பின் வேகம் குறையும் என்பதற்காக. ஆனால் தேன் தேடிக்கொண்டு ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.

திருகாணி போட்டு மூடிய பேட்டரி அறை இருக்கும் பொம்மைகள் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு வருகிற மலிவான விளக்குச் சாமான்களில் மூடி வெறும் அழுத்தத்தில்தான் நிற்கிறது, ஒரு தடவை தரையில் விழுந்தால் திறந்துகொள்கிறது.

காந்தமும் வேண்டாம். சக்தி வாய்ந்த சின்னக் காந்தம் ஒன்றை விழுங்கினால் ஒருவேளை தானாக வெளியே போய்விடலாம். இரண்டு போனால் குடலின் இரண்டு வளைவுகளில் நின்று ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், நடுவில் மாட்டிய குடல் சுவர் நசுங்கி ஓட்டை விழும். அறுவை சிகிச்சைதான். பெரிய பிளாஸ்டிக் ஓடுகளுக்குள் காந்தத்தை வைத்து மூடிய கட்டுமான செட்டுகள் நன்றாகச் செய்திருந்தால் நல்ல பொம்மைகள்தான், மறுக்கவில்லை, ஆனால் அவற்றைத் தரம் பார்த்து வீட்டுக்கு வாங்க வேண்டும், மொத்தமாக வாங்கி அடுத்தவர் வீட்டுக்கு அனுப்பும் பொருள் அது இல்லை.

வெளிச்சம்தான் பிடிக்கும் என்றால் இருட்டில் மினுங்கும் பெரிய ஸ்டிக்கர்கள் இருக்கின்றன. பகலில் வெளிச்சத்தை வாங்கி இரவில் விடும், பேட்டரி இல்லை. படுக்கை அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டால் பல நாள் வரும்.

ஸ்லைம், தண்ணீரில் போட்டால் வீங்கும் மணிகள், உடைத்தால் ஒளிரும் குச்சி, பளபளப்புத் தூள். இவை எல்லாம் இப்போது எல்லா விருந்திலும் தருகிறார்கள். நாங்களும் தரலாமா?
– ஐந்து வயதுச் சிறுமியின் அப்பா அம்மா

வீங்கும் மணி நிச்சயமாக வேண்டாம். வாங்கும்போது கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும், தண்ணீர் பட்டால் கோலிக்குண்டு அளவும் அதற்கு மேலும் ஆகும். விழுங்கினால் அதே வேலையை வயிற்றுக்குள் செய்து குடலை அடைக்கும். சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது, அதனால் மருத்துவர்களுக்கே கண்டுபிடிப்பது சிரமம். தரையில் சிதறினால் ஒன்றிரண்டு சோபாவுக்கு அடியில் போய்விடும், கூட்டிப் பெருக்கி முடித்தோம் என்று நினைத்திருக்கும்போது தவழும் குழந்தை கண்டெடுக்கும்.

ஒளிரும் குச்சிக்குள் மெல்லிய கண்ணாடிக் குழல் ஒன்று இருக்கிறது. வளைக்கும்போது படக்கென்று ஒரு சத்தம் வருமே, அது அந்தக் கண்ணாடி உடையும் சத்தம்தான், இரண்டு திரவங்கள் கலந்து ஒளி வருகிறது. கடித்துத் திறந்துவிட்டால் வாய் எரியும், கண்ணில் பட்டால் ரொம்ப எரியும். கடிக்கிற பழக்கம் போன பெரிய பிள்ளைகளுக்கு, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, விருந்திலேயே விளையாட வைக்கலாம். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

ஸ்லைம் சிலவற்றில் போராக்ஸ் போன்ற போரான் உப்புகள் இருக்கும், சில பிள்ளைகளுக்குக் கை சிவந்து அரிக்கும். அதோடு தலைமுடியில் ஒட்டிய ஸ்லைமை எடுக்கிற அம்மாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் விளையாட்டு மாவு கொடுக்கலாம், பிசைந்து உருட்டுவதால் விரல்களுக்கும் நல்ல பயிற்சி. ஆனால் அதில் சிலவற்றைக் கோதுமையில் செய்கிறார்கள், கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் கையில் பட்டு வாய்க்குப் போகும், டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பளபளப்புத் தூள் பெரும்பாலும் நுண் பிளாஸ்டிக். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் உதிரியான பிளாஸ்டிக் தூளுக்குக் கட்டுப்பாடு போட்டது. குழந்தை கையோடு கண்ணைத் தேய்க்கும், எனக்கு அந்தக் காரணமே போதும்.

இனிப்பு போட்டுக் கொடுக்கலாமா?
– ஒரு பாட்டி

அம்மா, ஆசையாகக் கேட்கிறீர்கள், ஆனால் நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கெட்டியான மிட்டாயும் முழுக் கடலை வகைகளும் மூச்சை அடைக்கும் என்பதால் வேண்டாம். மற்றவர்களுக்கும் கடலை, பால், முட்டை ஒத்துக்கொள்ளுமா என்று அழைக்கும்போதே அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். கேட்டுக் கொடுத்தாலும் பையில் போடாமல் பெற்றோர் கையில் கொடுங்கள். எப்போது தருவது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்.

பிள்ளைகளுக்குப் போட்டி வைத்து, ஜெயிப்பவர்களுக்கு மட்டும் நல்ல பரிசாகக் கொடுக்கலாம் என்று என் தம்பி சொல்கிறான். இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. போன வருஷம் என் மகன் எல்லா கிஃப்ட்டும் தனக்குத்தான் என்று பைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். இந்த வருஷம் அவனுக்குத் தெரியாமல் ஒளித்துக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி

போட்டி நடத்துங்கள், ஆனால் ரிட்டர்ன் கிஃப்ட்டை அதோடு முடிச்சுப் போடாதீர்கள். வந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது உரியது, வந்ததற்காகவே உரியது. தோற்றுப்போன நான்கு வயதுக் குழந்தை சின்னப் பையோடு வீட்டுக்குப் போனால் அன்றைய விளையாட்டு முழுக்க மறந்துபோய் அது ஒன்றுதான் நினைவில் நிற்கும். ஜெயித்தவர்களுக்குக் கைதட்டலும் கையில் ஒரு முத்திரையும் போதும்.

மகன் விஷயத்தில், ஒளிக்காதீர்கள். அவன் அழுததில் தப்பே இல்லை, பிறந்தநாள் அவனுக்கு, பைகள் மட்டும் ஏன் வெளியே போகின்றன என்று அந்த வயதில் புரியாது. இரண்டு காரியம் செய்யுங்கள். அதே பொருளில் அவனுக்கும் ஒன்று எடுத்து வைத்து, முதல் நாளே அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பைகளைக் கட்டும் வேலையில் அவனைச் சேருங்கள், இது யாருக்கு, இது யாருக்கு என்று பெயர் சொல்லிச் சொல்லி அவனே உள்ளே போடட்டும். வாசலில் கொடுப்பதும் அவனாக இருக்கட்டும். கனடாவில் இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தைகளிடம் செய்து 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், தின்பண்டம் தனக்குக் கிடைத்தபோது இருந்ததைவிட, எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தபோது குழந்தைகளின் முகத்தில் சந்தோஷம் அதிகம் தெரிந்தது, அதுவும் தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது இன்னும் அதிகம். கொடுக்கிற சந்தோஷம் குழந்தைக்குள் ஏற்கெனவே இருக்கிறது, நாம் அவசரத்தில் பைகளைப் பிடுங்கிக் கொடுத்து அதைக் கெடுத்துவிடக்கூடாது.

அழைக்காத அண்ணன் தம்பிகளும் கூட வந்தால்? வரமுடியாதவர்களுக்குக் கொடுத்தனுப்ப வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று எழுதியவர்

அழைத்த எண்ணிக்கைக்கு மேலே நான்கைந்து கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வயதுக்கும் ஆகிற பொருளாக. வந்த குழந்தையை வெறுங்கையோடு நிறுத்தாதீர்கள், அழைத்தோமா இல்லையா என்பது பெரியவர்கள் கணக்கு. வராதவர்களுக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உடம்பு சரியில்லாமல் வரமுடியாமல் போன குழந்தை என்றால் மட்டும் நானாக இருந்தால் அனுப்புவேன்.

எங்களுக்குப் பெரிதாகச் செலவு செய்ய வசதி இல்லை. ரிட்டர்ன் கிஃப்ட்டே இல்லாமல் விட்டால் தப்பா? வேறு வழி இருக்கிறதா?
– இரண்டு வயதும் ஐந்து வயதும் உள்ள பிள்ளைகளின் அம்மா

தப்பே இல்லை. அழைக்கும்போதே சங்கடமில்லாமல் சொல்லிவிடலாம், நிறையப் பெற்றோர் உள்ளுக்குள் நன்றி சொல்வார்கள். ஆனால் உங்களுக்கு ஏதாவது கொடுக்க ஆசை இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. அப்படியென்றால் வந்த பிள்ளைகளே விருந்தில் ஒன்றைச் செய்து, செய்ததையே எடுத்துக்கொண்டு போகட்டும். விளையாட வைக்கும் வேலையும் கொடுத்தனுப்பும் வேலையும் ஒன்றாகவே முடிந்துவிடும்.

தடித்த அட்டையை வெட்டிக் கிரீடமாக வளைத்து வையுங்கள், பிள்ளைகள் வண்ணம் பூசட்டும், பெரிய ஸ்டிக்கர் ஒட்டட்டும், தலை அளவு பார்த்து நீங்கள் ஒட்டிக் கொடுங்கள். பின் அடிக்கும் இயந்திரம் வேண்டாம், நெற்றியில் குத்தும், ஒட்டுநாடா போதும். வெள்ளைத் துணிப் பை கிடைத்தால் துணியில் எழுதும் கிரேயானால் படம் வரையலாம், பெரியவர் ஒருவர் பின்னால் இஸ்திரி போட்டுக் கொடுத்தால் வண்ணம் நிற்கும். உள்ளங்கை அளவுக் கூழாங்கல்லில் வண்ணம் பூசலாம், குழந்தையின் முஷ்டியைவிடப் பெரிய கல்லாகப் பொறுக்குங்கள். ஒரு சின்னத் தொட்டியில் மண் நிரப்பி நாற்று நடலாம், விதையைவிட நாற்று நல்லது, சின்னக் கைகளில் விதை இருந்தால் மூக்குக்கும் காதுக்கும் போகும், அதோடு முளைக்காத விதைக்காக வீட்டில் ஒரு குழந்தை தினமும் காத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

உங்கள் இரண்டு வயதுக்காரருக்கும் அவர் வயதொத்தவர்களுக்கும் விரலால் பூசும் வண்ணம், நீரில் கழுவினால் போகிற வகை, போதும். கை முழுக்கத் தோய்த்து அட்டையில் அழுத்தினால் அதுவே படம். பெற்றோருக்கு அதைவிட நல்ல பரிசு கிடைக்காது.

நேரக் கணக்கு மட்டும் முக்கியம். வண்ணம் பூசுவதைக் கடைசியில் வைத்தால் காயாமல் உடையெல்லாம் பூசிக்கொண்டு போவார்கள், ஆகவே பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை வையுங்கள், விளையாடி முடிப்பதற்குள் காய்ந்துவிடும். ஆரம்பிக்கும் முன்பே ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் குழந்தையின் பெயரைப் பேனாவால் எழுதிவிடுங்கள், காய்ந்தபிறகு எது யாருடையது என்று பிள்ளைகளுக்கே தெரியாது. கூடவே வெறும் அட்டை நான்கைந்து தனியாக இருக்கட்டும், நடுவில் ஒன்று கிழியும், ஒருவர் தாமதமாக வருவார்.